பின்சக்கரத்தார்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வீதி விளக்குகள் இன்னும் அணையாத நேரத்தில், திருவான்மியூரிலிருந்து புறப்பட்டு நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, உத்தண்டி என்று ஊர் ஊராகக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போகும் சைக்கிள் பிரயாணிகளைக் காண்கிற எவரும், நம் ஜனங்களுக்குத் தேகாப்பியாசத்தில் இத்தனை சிரத்தை எப்போது உண்டாயிற்று என்று ஆச்சரியப்படுவார். பல் வைத்தியர், பாங்கு அதிகாரி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ன வேலை என்று சொந்த வீட்டாருக்கே விளக்கிச் சொல்ல முடியாத உத்தியோகம் பார்ப்பவர் என்று பலதரப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஒருவருடைய சைக்கிளின் விலைக்கு மற்றொருவர் புது மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம் என்றாலும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட மாத்திரத்தில் அனைவரும் சரிசமானம். நான் வர்ணிக்கப் புகும் பேர்வழியும் இவர்களுக்கு நடுவேதான் போகிறார். ஆனால் போகும்போது அவரை இன்னார் என்று அடையாளம் கண்டுகொள்ள முடியாது. திரும்பி வரும்போதுதான் அவருடைய சுயரூபம் வெளிப்படும்.

அதற்குக் காரணம் காற்று. மார்கழி, தை மாதங்களில் நம் கடற்கரையோரத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மாமல்லபுரம் வரையில் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரமும் அது முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வருவதால், தம்முடைய கால்களுக்குத் திடீரென்று உண்டாகியிருக்கும் பலத்தைக் கண்டு பூரித்துப் போய், காற்றுக்குச் சேர வேண்டிய கீர்த்தியைத் தம் பெயரில் வரவு வைத்துக்கொண்டு, கோவளத்தைத் தாண்டுவதற்குள்ளாகவே அகில இந்தியப் பந்தயம் எதற்காவது மனுப்போடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் பலர். பொங்கல், வடை, இரண்டாவது காபி ஆகிய சடங்குகளெல்லாம் முடிந்து சைக்கிளை வடக்கே திருப்பின பிறகுதான் அந்தக் கணக்கு நேராகிறது. முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல், இருபுறமும் தண்ணீரைத் தவிரத் தடுப்பாக ஒரு மரமோ மதிலோ இல்லாத இடத்தில் காற்று வந்து நெஞ்சில் அறையும்போது, ஒவ்வொருவருடைய சுபாவமும் தெரிந்துவிடுகிறது. சிலர் கியரைக் குறைத்துக்கொண்டு, விதியே என்று மிதிப்பார்கள். சிலர் இளநீர்க் கடையில் ஒதுங்குவார்கள். சிலர் வீட்டுக்குப் போன் செய்து காரை அனுப்பச் சொல்வார்கள். நம் மனிதர் மட்டும் வேகத்தை ஒரு மாற்றுக் குறைத்துக்கொண்டு, தம்மைக் கடந்து போகிறவர்களைச் சாவதானமாக ஆராய்ந்து, அவர்களுள் நல்ல விசாலமான முதுகு உடையவராகவும், சீரான வேகத்தில் போகிறவராகவும், பார்வைக்குச் சாதுவாகவும் இருக்கிற ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் தம்முடைய முன்சக்கரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இதற்குச் சைக்கிள்காரர்களின் பாஷையில் டிராஃப்டிங் என்று பெயர். பேர்வழிக்கு நான் இட்ட பெயர், பின்சக்கரத்தார்.

முன்னால் போகிற ஆசாமிக்கு இந்தச் சேர்க்கை உடனே தெரிவதில்லை. பந்தய சைக்கிளில் பின்புறம் பார்க்கும் கண்ணாடி வைப்பது கௌரவக் குறைவு என்று யாரோ எக்காலத்திலோ தீர்மானம் செய்துவிட்டார்கள். ஆகவே அவர் காதால்தான் அறிய வேண்டும். காலை ஓட்டாமல் சும்மா வைத்திருக்கும்போது பின்சக்கரத்து ஃப்ரீவீலிலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்புகிறதல்லவா, அதுதான் முதல் அறிவிப்பு. எதிர்காற்றில் தலையைத் தாழ்த்தி, பல்லைக் கடித்து, தொடைகள் இரண்டும் தீயாய் எரிய மிதித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தமக்குப் பின்னால் இன்னொருவர் மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டு அதே வேகத்தில் சுகமாக வந்துகொண்டிருக்கிறார் என்று அந்தச் சத்தம் தெரிவிக்கும்போது, அவருடைய உள்ளத்தில் எழும் உணர்ச்சியை எழுத்தில் கொண்டுவருவது எளிதல்ல.

பின்சக்கரத்தாரின் கட்சியையும் நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை அந்த வேகத்தில் வெல்வதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும். இன்னொருவருடைய முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருகிறவனுக்கு இதில் கால் பங்கு, அனுகூலமான சமயத்தில் மூன்றில் ஒரு பங்குகூட, மிச்சமாகிறது. 2018-இல் 121 சைக்கிள்கள் கொண்ட ஒரு பந்தயக் கூட்டத்தை மாதிரியாக வைத்துப் பரிசோதித்தவர்கள், கூட்டத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் மறைந்திருப்பவனுக்குத் தனியாகப் போகிறவனுடைய எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று கண்டார்கள். இவ்வளவு லாபத்தையும் பின்னால் வருகிறவன் எடுத்துக்கொள்கிறானே, முன்னால் போகிறவனுக்கு நஷ்டம் என்ன என்று கேட்டால், ஒன்றுமே இல்லை என்பதுதான் சாஸ்திரம் தரும் பதில். அதோடு, பின்னால் ஒருவர் நெருங்கி வருவதால் முன்னவரைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுச் சுழல் சற்றே அடங்கி, அவருக்கும் துளி அனுகூலம் உண்டாகிறது என்றுகூட நிரூபித்திருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயம் பின்சக்கரத்தாருக்கு மிகவும் பிரியமானது. ஆட்சேபிக்கிறவர்களிடம் அதை எடுத்துச் சொல்லி, உள்ளபடி பார்த்தால் தமக்கல்லவா வந்தனம் கூற வேண்டும் என்று ஒரு பார்வை பார்ப்பார்.

இவருக்குப் பூர்வீகர்களும் இல்லாமலில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சார்லஸ் மர்பி என்பவர் ஓடுகிற ரயிலின் பின்னால் சைக்கிள் விட்டு, ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் கடந்தார். தண்டவாளங்களுக்கு நடுவில் பலகை பாவி, கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் காற்றை மறைக்கக் கூண்டு கட்டி, ரயில்வே கம்பெனியாரின் ஒத்தாசையோடு அது நடந்தது. அதாவது, முன்னால் போன ரயிலுக்கு விஷயம் முன்கூட்டியே தெரியும். மர்பி பிற்பாடு நியூயார்க்கில் போலீஸ்காரரானார் என்பது ஒரு ருசிகரமான உபகதை. ஐரோப்பாவிலோ, டச்சுக்காரரான யோப் சூட்டமெல்க்கைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு: வெயில் காலம் முழுவதும் பிரான்ஸ் தேசத்துச் சாலைகளில் சைக்கிள் விட்டும் அவருடைய மேனி ஏன் கறுக்கவில்லை என்றால், அவர் எப்போதும் அக்காலத்துப் பந்தய வீரர் எடி மெர்க்ஸின் நிழலிலேயே வந்தார் என்பார்கள். சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஆறு முறை இரண்டாவதாக வந்தவர். 1980-இல் முதலாவதாகவும் வந்தவர். பந்தயத்தில் அது தந்திரம். எதிரியும் சம்பளம் வாங்குகிறவன். யார் யாருடைய பின்னால் வருகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நெடுந்தூர டிரையத்லான் பந்தயங்களிலோ சைக்கிள் ஓட்டும் கட்டத்தில் முன்னவனுக்கும் பின்னவனுக்கும் நடுவே இத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று விதித்து, மீறினவனை ஓரமாக நிறுத்திச் சில நிமிஷம் காக்க வைத்துவிடுகிறார்கள். நம் கடற்கரைச் சாலையில் அப்படிப்பட்ட மத்தியஸ்தர் எவரும் இல்லை.

பின்சக்கரத்தார் காற்றைத் திருடுகிறார் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். காற்று யாருடைய பட்டா நிலமும் அல்ல. என்னுடைய மனத்தாங்கலெல்லாம் அவருடைய மௌனத்தைப் பற்றியதே. இதே மனிதர் ரயிலில் எதிர்ப் பெஞ்சியில் உட்கார்ந்தால், வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் உங்கள் சொந்த ஊர், சம்பளம், வீட்டு வாடகை, பையனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை ஆகிய சகலத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டுவிடுவார். சைக்கிளில் ஏறினதும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு சங்கோசம் வந்துவிடுகிறது. "சார், கொஞ்ச தூரம் உங்க பின்னாடி வரலாமா?" என்ற ஒரே ஒரு வாக்கியத்தை உச்சரிப்பதற்குள் அவருடைய நா மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் கையில் உள்ள பத்திரிகையைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படிக்கிறவராவது, பக்கத்தைப் புரட்டும்போது "ஒரு நிமிஷம் இருங்கோ" என்று வாய்விட்டுக் கேட்பார். இவர் அதுவும் செய்ய மாட்டார்.

இந்த மௌனம் வெறும் மரியாதைக் குறைவோடு நிற்பதாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை. பின்னால் ஒருவரும் இல்லை என்று நினைத்து ஓட்டுகிறவர், பள்ளத்தைக் கண்டால் சட்டென்று ஒடிப்பார், வேகத்தடையைக் கண்டால் பிரேக்கைப் பிடிப்பார், மூக்கைச் சிந்துவார், எச்சில்கூடத் துப்புவார். பின்னால் வருகிறவரோ ஒரு முதுகைத் தவிர உலகத்தில் வேறெதையும் காணாதவர். சக்கரத்தோடு சக்கரம் உராய்ந்தால் முன்னவருக்குப் பெரும்பாலும் ஓர் அசைவோடு போய்விடும். விழுகிறவர் அநேகமாகப் பின்னவர்தான், ஏனென்றால் திசைதிருப்பும் சக்கரம் தட்டிவிடப்பட்டது அவருடையது. அதிலும் நம் வாடைக்காற்றுக்கென்று ஒரு தனி விசேஷம் உண்டு. வடக்கே வருகிறவனுக்கு அது நேர் எதிரே வீசுவதில்லை. வலப்புறத்துக் கடலிலிருந்து சாய்வாக வந்து விழுகிறது. அதனால் காற்று மறைப்பு முன்னவருக்கு நேர் பின்னால் கிடையாது, சற்று இடப்பக்கமாக இருக்கிறது. அந்த மறைப்பைத் தேடித் தேடிப் பின்சக்கரத்தார் இடது பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து, சாலையோர மணலுக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் இடையில், தம்முடைய முன்சக்கரத்தை ஒரு ஜாண் நுழைத்துவிட்டிருப்பார். அந்தச் சமயத்தில் பின்னால் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வரும். முன்னவர், எந்த நல்ல பிரஜையும் செய்யக்கூடிய விதமாக, இடது பக்கம் ஒதுங்குவார்.

அதன் பிறகு நடக்கும் சம்பாஷணையைக் கேட்டிருக்கிறேன். மணலிலிருந்து எழுந்து, முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே, "ஏன் சார், கையைக் காட்டிட்டு ஒதுங்கக் கூடாதா?" என்று கேட்கிறவர் பின்சக்கரத்தார். "நீங்க யாரு சார்?" என்கிறார் முன்னவர். அது திட்டுவதற்காகக் கேட்ட கேள்வி அல்ல. அந்த நிமிஷம் வரையில் இப்படி ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

தெரிந்துகொண்டவர்கள் கையாளும் பரிகாரங்கள் பலவகை. வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது ஒன்று. பின்சக்கரத்தாரும் அதே அளவு குறைத்துக்கொள்வார். வேகத்தைக் கூட்டுவது இன்னொன்று. இதைத்தான் முக்காலே மூணுவீசம் பேர் செய்கிறார்கள். காரணம், பின்னால் ஒருவன் வருகிறான் என்ற உடனே ஆண்பிள்ளைகளின் தேகத்தில் ஏதோ ஒரு பைத்தியம் புகுந்துகொண்டு, அவனைக் கழற்றிவிட்டுத்தான் மறு காரியம் என்று பிரதிக்ஞை செய்ய வைக்கிறது. உத்தண்டி சுங்கச்சாவடி வருவதற்குள் பிரதிக்ஞை செய்தவர் கண் செருகி, நாக்கு வெளியே வந்து நிற்பார். பின்சக்கரத்தார் வியர்க்காமல் நிற்பார். தண்ணீர் குடிக்கிற பாவனையில் ஓரமாக நின்றுவிடுவது மூன்றாவது உபாயம். அப்போது பின்சக்கரத்தார், உங்களை இதுவரை பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு கடந்து போய், நூறு கஜ தூரத்தில் தயங்கி, குனிந்து, ஷூவின் கயிற்றைக் கட்டத் தொடங்குவார். அந்தக் கயிறு நீங்கள் புறப்படும் வரையில் கட்டி முடியாது. மழைக்காலத்தில் மாத்திரம் தெய்வமே நீதி வழங்குகிறது. பந்தய சைக்கிளுக்கு மட்கார்டு கிடையாது. ஆகவே முன்னவரின் பின்சக்கரம் வாரி இறைக்கிற சேறு முழுவதும் பின்னவரின் வாயிலும் மூக்கிலும் போய்ச் சேரும்.

பெண்கள் தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது அவர்களுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. விடியற்கால இருட்டில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், முகம் தெரியாத ஒருவன் பேசாமல் பின்னாலேயே வந்தால் அவன் காற்றுக்காக வருகிறானா வேறெதற்காக வருகிறானா என்று அந்தப் பெண் எப்படி அறிவாள்? கடந்து போய்விடு, அல்லது பின்தங்கி நில். இதில் மூன்றாவது வழி இல்லை.

இனி பின்சக்கரத்தாரின் கடைசிக் கட்டம். ஈஞ்சம்பாக்கத்துக்கு அப்பால் கட்டிடங்கள் நெருங்கி, காற்றும் தணிந்துவிடுகிறது. முட்டுக்காட்டிலிருந்து சேமித்துவைத்த சக்தி முழுவதும் அவருடைய கால்களில் செலவழியாமல் கிடக்கிறது. திடீரென்று அவர் பெடலின்மேல் எழுந்து நின்று, 'விர்' என்று உங்களைக் கடந்து, ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் மறைந்து போவார். அன்று மத்தியானமே அவருடைய கைப்பேசியில், சைக்கிள்காரர்கள் தங்கள் பயணங்களைப் பதிந்துவைக்கும் ஸ்டிராவா கணக்கில், "கடும் எதிர்காற்று. தனிப் பயணம். பாதியில் விட்டுவிடலாமா என்று தோன்றியது, விடவில்லை" என்று வாசகம் பிரசுரமாகும். அதற்குக் கீழே நண்பர்கள் கட்டைவிரலை உயர்த்தியிருப்பார்கள். தனிப் பயணம் என்று எழுதினவர் பொய் சொன்னார் என்று நான் கூற மாட்டேன். அவரைப் பொறுத்தவரையில் முன்னால் போனது ஒரு மனிதர் அல்ல, ஒரு நகரும் மதில்.

கூடி ஓட்டுகிறவர்களிடம் இதற்கெல்லாம் ஒழுங்கான சம்பிரதாயம் இருக்கத்தான் இருக்கிறது. கேட்டுக்கொண்டு சேர்வார்கள், முன்னால் இருப்பவர் பள்ளத்தை விரலால் காட்டுவார், அடுத்தவர் முன்னே வரலாம் என்பதற்கு முழங்கையை லேசாக ஆட்டுவார், சில நிமிஷம் காற்றைத் தாங்கினவர் பின்னே வந்து இளைப்பாறுவார். முறை வாங்கிக்கொள்ளப் பலம் இல்லாதவர், "எனக்கு முடியாது, பின்னாலேயே வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அதையும் குற்றமாக எவரும் எண்ணுவதில்லை. ஆனால் இந்தச் சம்பிரதாயங்களைப் பந்தய உடுப்புக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், கோவளத்துக்கு வடக்கே, கறுப்பு நிறத்துக் கனமான பழைய சைக்கிளில், கேரியரில் டிபன் தூக்கும் டார்ச் விளக்கும் கட்டிவைத்துக்கொண்டு, காவல்காரர் உடுப்பில் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். இரவு முழுவதும் யாருடைய பங்களாவையோ காத்துவிட்டு வீடு திரும்புகிறவர் என்று தெரிந்தது. எதிர்காற்றில் நானும் வேகம் என்று சொல்லிக்கொள்ளும்படி போகவில்லை. இருந்தாலும் அவரைக் கடந்தேன். கடக்கும்போதே, "தம்பி, காத்து ஜாஸ்தியா இருக்கு. கானாத்தூர் வரைக்கும் உங்க பின்னாடியே வந்துக்கட்டுமா?" என்று குரல் கொடுத்தார். "வாங்கய்யா" என்றேன். "பள்ளம் கிள்ளம் வந்தா ஒரு சத்தம் குடுங்க, கண்ணு சரியாத் தெரியாது" என்றார். நானும் குழிக்குக் குழி குரல் கொடுத்தேன். பதிலுக்கு அவர், "பின்னாடி பஸ்ஸு", "கார் வருது, போகட்டும்", "லாரி, ஓரமாவே போங்க" என்று எனக்கு அறிவித்துக்கொண்டே வந்தார். விலையுயர்ந்த எந்தக் கண்ணாடியும் இவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்காது. இப்படி ஒரு கிலோமீட்டர் போனோம். பாலம் நெருங்க, காற்று பலத்தது. நான் வழக்கப்படி, குனிவதற்கென்றே தனி விலை கொடுத்து வாங்கின வளைந்த ஹேண்டில்பாரில் கையை இறக்கி, முகம் முன்சக்கரத்தைத் தொடும்படி படுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. அவ்வளவு குனிஞ்சு ஓட்டினா எப்படி? உங்க தலைக்கு மேலே வர்ற காத்தெல்லாம் எனக்கில்ல அடிக்குது?"

கானாத்தூர் வரையில் நிமிர்ந்தே உட்கார்ந்து ஓட்டினேன்.